சூரியனிடம் யார் சொன்னது

"ரெண்டும் ரெண்டு இடம் காட்டினா எதை நம்புறது?" என்று வியாகுலம் கேட்டார்.

ஆக்னெஸ் டீச்சர் தோணியின் பின்தளத்தில் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஜிபிஎஸ் ஒரு இடம் சொல்லுது. சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டா வேற இடம் வருது. அப்போ?"

"வருதா அண்ணாச்சி?"

"முதல் நாள் வந்துச்சு. அது கைப்பழக்கம் இல்லாததால. இப்போ வாறதில்லை."

"அப்போ எதுக்குக் கேக்கீங்க?"

"தெரிஞ்சுக்கத்தான்."

"வரும்போது கேளுங்க" என்று ஒரு சுளையை நீட்டினார் டீச்சர்.

வியாகுலத்துக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. கேள்வி கேட்டால் பதில் வர வேண்டும் என்பது அவர் கட்சி. பதில் வராத இடத்தில் முப்பது வருடமாகக் கொடி பிடித்தவர் அவர். துண்டுப் பிரசுரங்களைப் படித்துப் படித்தே எழுத்துக் கூட்டக் கற்றவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் தோணித் தொழிலாளர் சங்கம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது அவர் வாங்கிய அடியில் முளைத்தது. கூட அடி வாங்கியவர்களில் இரண்டு பேர் பின்னால் கான்ட்ராக்டர் ஆகிவிட்டார்கள். அவர்களை வழியில் பார்த்தால் வியாகுலம் எதிர்ப்பக்கம் கடந்து போவார்.

தோணியின் பெயர் தோழமை மாதா. சங்கம் அதைப் பழைய முதலாளியிடமிருந்து வாங்கியபோது, தோழமை என்று எழுது என்றார்கள் பாதிப் பேர். மாதாவை விட்டுவிட்டுக் கடலில் இறங்க மாட்டோம் என்றார்கள் மீதிப் பேர். பெயின்டர் இரண்டையும் எழுதிவிட்டுப் போனான். அந்த இரண்டாவது சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் வியாகுலத்துக்கு வாய் கோணும். "உங்க பேரே மாதா பட்ட துயரம்தான், தலைவரே" என்று பண்டாரி இன்னாசி நினைவூட்டுவான். தோணியில் சமைக்கிறவனுக்குப் பண்டாரி என்று பெயர். சமைக்கிறவன் கேலி பேசினால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்போது தோழமை மாதா வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்க்கொண்டிருந்தது. தை மாதக் கடல், தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது. டீசலை மிச்சப்படுத்தப் பாயும் விரித்திருந்தார்கள்.

தோணி ஓட, அதை நடத்திச் செல்ல உரிமம் உள்ள தண்டல் வேண்டும். துறைமுகத்தில் தண்டல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சங்கத் தோணியில் ஏறினால் அப்புறம் வேறு தோணியில் வேலை இல்லை என்று எல்லார் காதிலும் யாரோ ஓதியிருந்தார்கள். அதனால் ஐம்பத்தெட்டு வயதில் வியாகுலம் தானே தண்டல் ஆவது என்று கிளம்பினார். நடுக்கடலில் தன் இடத்தை வானத்தைப் பார்த்தும் சாட்டிலைட்டைப் பார்த்தும் இவரால் கண்டுபிடிக்க முடியும் என்று, கூடவே ஒரு பயணம் வந்து பார்த்த தகுதியுள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் தோணி கரையில் கிடக்கும். கரையில் கிடக்கிற தோணியை விலைக்குக் கேட்கப் பழைய முதலாளியின் மருமகன் காத்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கையெழுத்து ஆக்னெஸ் டீச்சரிடம் இருந்தது. முப்பத்தைந்து வயது. சரக்குக் கப்பல்களில் செகண்ட் மேட்டாக, கேப்டனுக்குக் கீழே வழி பார்க்கும் அதிகாரியாக இருந்து, குழந்தை பிறந்த பின் கரையில் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவர். இந்தப் பயணத்துக்கு அவர் பொறுப்பில்தான் தோணி கிளம்பியது. தன் மகள் வயதுப் பெண்ணை டீச்சர் என்று கூப்பிட வியாகுலத்துக்கு இரண்டு நாள் பிடித்தது.

முதல் பாடம் எளிதாகத்தான் இருந்தது.

"ஜிபிஎஸ் சொல்ற இடத்துல நாம நிஜமாவே இருந்தா, உச்சிநேரத்துல சூரியன் எவ்வளவு உயரத்துல நிக்கணும்னு கணக்குப் போடுங்க. அப்புறம் உயரம் அளக்குற இந்த செக்ஸ்டன்ட்டைக் கண்ணுல வைங்க. கண்ணாடி வழியா சூரியனை இறக்கி அடிவானத்துல தொட வைங்க. நிஜமா எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு கருவி காட்டும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சூரியன் உங்களுக்குச் சொல்ற சேதி. ஒரு டிகிரியை அறுபதாப் பிரிச்சா ஒரு பங்கு ஒரு மினிட். ஒரு மினிட் வித்தியாசம்னா கடல்ல ஒரு மைல்."

"வித்தியாசமே இல்லைன்னா?"

"அதுவும் சேதிதான். அடிக்கடி வராது."

பிறகு கருவியைக் கையில் கொடுத்து, "எடுத்ததும் ஒரு வேலை இருக்கு. பூஜ்யத்துல வச்சு வெறும் அடிவானத்தைப் பாருங்க. ஒரே கோடாத் தெரியணும். படிக்கட்டு மாதிரி உடைஞ்சு தெரிஞ்சா கருவி பொய் சொல்லுதுன்னு அர்த்தம். எவ்வளவு பொய்னு பார்த்துக் கழிச்சிடலாம். தினமும் பாருங்க" என்றார்.

அந்தத் தோணியில் ஒரு வழக்கம் இருந்தது. உச்சிநேரத்தில் தண்டல் இடத்தை உரக்கச் சொல்ல வேண்டும். பண்டாரி அதை அடுப்படிப் பலகையில் சாக்பீஸால் எழுத வேண்டும். முதலாளிகளின் தோணியில் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது தண்டலுக்கு மட்டும்தான் தெரியும். உயிரைக் கொடுக்கிறவனுக்கு எந்த இடத்தில் கொடுக்கிறான் என்று தெரிய வேண்டாமா என்று கேட்டு, சங்கத்தில் தீர்மானம் போட்டது வியாகுலம்தான்.

முதல் நாள் அவர் சொன்ன இடம் ஜிபிஎஸ் காட்டியதற்குப் பதினான்கு மைல் வடக்கே இருந்தது.

"பதினாலு மைல் வடக்கேயா?" என்றான் இன்னாசி. "அப்போ நாம இன்னும் துறைமுகத்துலதான் நிக்கோம். நான் இறங்கி ஒரு டீ குடிச்சிட்டு வாறேன், தலைவரே."

எல்லாரும் சிரித்தார்கள். என்ஜின் அறையிலிருந்து கூட ஒரு சிரிப்பு வந்தது.

வியாகுலம் லாக்கப்பில் படுத்திருக்கிறார். நடுத்தெருவில் இழுபட்டிருக்கிறார். ஆனால் அவர் பேசிய கூட்டத்தில் யாரும் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை.

மறுநாள் உச்சிக்கு முன்பே கணக்கைப் போட்டுமுடித்தார். சூரியன் எங்கே நிற்க வேண்டுமோ அந்த உயரத்தைக் கருவியில் திருப்பி வைத்துக்கொண்டார். பிறகு கண்ணில் வைத்தார். சூரியன் அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றது. கொஞ்சம்தானே, கை நடுக்கம் என்று வைத்துக்கொண்டார். அதற்கடுத்த நாள் கண்ணில் வைத்ததோடு சரி. பூஜ்யம் பார்க்கும் வேலையையும் விட்டுவிட்டார். முடிவு தெரிந்த விஷயத்துக்கு அது எதற்கு?

"வித்தியாசம் இல்லை" என்று உரக்கச் சொன்னார்.

"தலைவர் சொன்னா சூரியனும் கேக்குது" என்றான் இன்னாசி, சாக்பீஸை ஊதிக்கொண்டே. வியாகுலம் சிரிக்கவில்லை. ஆனால் அன்று ஒரு வாய் அதிகமாகச் சாப்பிட்டார்.

அன்று மாலைதான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த டீச்சரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு, "அந்த விசாரணைக் கதையைச் சொல்லுங்க. கரையில எல்லாரும் சொல்லுதாங்க. உங்க வாயால கேட்கணும்" என்றார்.

இதற்கு வியாகுலத்தை இரண்டாம் முறை கேட்க வேண்டியதில்லை.

"கிரேன் கயிறு அறுந்து ஒருத்தன் செத்துட்டான். அழுகின கயிறு. புதுக் கயிறுன்னு சாதிச்சாங்க முதலாளி பக்கம். பதினோரு சாட்சி கொண்டுவந்தாங்க. முதல் ஆள் வந்தான். 'நான் வெத்திலை போட்டுக்கிட்டு நின்னேன், கயிறு மஞ்சளாப் பளபளன்னு இருந்துச்சு'ன்னான். சரின்னு விட்டேன். ரெண்டாவது ஆளும் வெத்திலை போட்டுக்கிட்டு நின்னான். அவனுக்கும் கயிறு மஞ்சளாப் பளபளன்னு இருந்துச்சு. பதினோரு பேரும் வெத்திலை. அதுல ரெண்டு பேருக்குப் பல்லே கிடையாது."

டீச்சர் சிரித்தார்.

"நான் எழுந்தேன். 'ஐயா, இது பதினோரு சாட்சி இல்லை. ஒரே சாட்சிதான். பதினோரு சட்டை மாத்திக்கிட்டு வந்திருக்கான்'னேன்."

"அதிகாரி என்ன சொன்னார்?"

"அவரும் சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே அவங்க பக்கம் எழுதிட்டுப் போனார்."



"ஒரே சாட்சி, பதினோரு சட்டை" என்றார் டீச்சர். தோலைக் கடலில் போட்டுவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் உச்சி. வியாகுலம் ஜிபிஎஸ்ஸைப் பார்த்தார், கணக்குப் போட்டார், கருவியைத் திருப்பி வைத்தார், கண்ணில் வைத்தார்.

"வித்தியாசம் இல்லை."

இன்னாசி எழுதினான். எழுதிவிட்டுப் பலகையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "காத்து நல்லாத்தானே இருந்துச்சு. நேத்தை விட ஓடின தூரம் குறைஞ்சிருக்கே, தலைவரே."

"எதிர் நீரோட்டம்" என்றார் வியாகுலம், யோசிக்காமல்.

"தலைவர் சொன்னாச் சரி."

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். டீச்சர் வியாகுலத்தை மட்டும் சுக்கான் அறைக்குள் கூப்பிட்டார். ஜிபிஎஸ்ஸில் ஏதோ இரண்டு பொத்தான்களை அமுக்கினார். திரையில் இருந்த எண்கள் குதித்து வேறு எண்களாக நின்றன. தோணி ஒரே நொடியில் முப்பது மைல் தெற்கே போயிருந்தது.

"இதுல ஒரு வசதி இருக்கு. காட்டுற இடத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். பழைய வரைபடத்தோட பொருத்திக்கிறதுக்காக வச்சது. காலைல நான் முப்பது மைல் வடக்கே தள்ளி வச்சேன்."

வியாகுலம் திரையையே பார்த்தார்.

"மெஷின்கிட்ட நான் சொன்னேன்" என்றார் டீச்சர். "சூரியன்கிட்ட யார் சொன்னது, அண்ணாச்சி?"

டீச்சர் விரலை அகட்டி அளவு காட்டினார்.

"முப்பது மைல்னா முப்பது மினிட். கிட்டத்தட்ட ஒரு முழுச் சூரியன் அகலம். கண்ணாடிக்குள்ள ஒரு சூரியன் அடிவானத்தை விட்டு அந்தரத்துல தொங்கிக்கிட்டு இருந்திருக்கும்."



"இது சூழ்ச்சி" என்றார் வியாகுலம். "முதலாளி செய்யுற வேலை. ஆளை விட்டு வேவு பாக்குற வேலை."

"ஆமா."

"தோணியை எங்கேயாவது கொண்டு முட்டியிருந்தா?"

டீச்சர் இடுப்புப் பையிலிருந்து சின்ன ஜிபிஎஸ் ஒன்றை எடுத்துக் காட்டி, மறுபடி உள்ளே போட்டார்.

"கையெழுத்துப் போட மாட்டீங்க. அதைச் சொல்லுங்க."

"நான் அதைப் பத்திப் பேசவே இல்லையே."

வியாகுலம் செக்ஸ்டன்ட்டை எடுத்துப் பெட்டிக்குள் டக்கென்று வைத்து மூடினார். கீழே போய்ச் சோற்றைத் தட்டோடு தள்ளிவைத்தார். நீரோட்டம் எதிர்ப்பதால் தலைவருக்குக் கவலை என்று இன்னாசி மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. டீச்சர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவர் வாய் திறந்திருந்தால் வியாகுலத்துக்கு எளிதாக இருந்திருக்கும். கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

பாயடியில் சாய்ந்து கிடந்தார். பதினோரு பேரில் ஐந்தாவது ஆளின் முகம் ஏனோ ஞாபகத்துக்கு வந்தது. நோஞ்சான். சொல்லிக்கொடுத்ததைச் சொல்லி முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டான். நன்றாகச் சொன்னோம் என்ற நிம்மதி. அன்று அதைப் பார்த்து வியாகுலம் காறித் துப்பியிருந்தார்.

அடுத்த நாள் கடைசி நாள். சாயங்காலத்துக்குள் தீவுகளுக்கு முன்னால் இருக்கும் முருகைப் பாரைத் தாண்ட வேண்டும். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பாறைக்கூட்டம் அது. பகல் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்து விலகிப் போக வேண்டிய இடம்.

உச்சிக்கு முன் வியாகுலம் கணக்குப் போட்டார். கருவியில் எதையும் திருப்பி வைக்கவில்லை. கண்ணில் வைத்தார். சூரியன் தளும்பியது. இறக்கினார். தாண்டிப் போயிற்று. ஏற்றினார். வியர்வை கண்ணில் இறங்கியது. கடைசியில் அது அடிவானத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. தொட்டதா? தொட்டது. எண்ணைப் படித்தார். கணக்கைப் பார்த்தார்.

எட்டு மைல்.

மறுபடி பார்த்தார். எட்டுதான். சூரியன் நிற்க வேண்டியதைவிட உயரமாக நின்றது. அப்படியானால் தோணி, ஜிபிஎஸ் சொல்லும் இடத்துக்கு எட்டு மைல் தெற்கே இருக்கிறது. பார் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

இன்னாசி சாக்பீஸோடு பலகை முன்னால் நின்றான். "வித்தியாசம் இல்லைன்னு எழுதிடட்டா, தலைவரே?" பாதி எழுதியும்விட்டான்.

விரல் நுனியில் ஒரு சின்னத் திருப்பு, எட்டு காணாமல் போகும். தோணியில் யாருக்கும் தெரியாது. பின்தளத்தில் இருக்கிற ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழி" என்றார் வியாகுலம். "எட்டு மைல். தெற்கே."

இன்னாசி திரும்பினான். "எட்டா?"

"எட்டு."

"முதல் நாள் வடக்கே பதினாலு. இப்போ தெற்கே எட்டு. தலைவருக்கு ஊரைத் தாண்டிப் போக அவசரம் போல." சிரிப்பு எழுந்தது. பிறகு பார் ஞாபகம் வந்து ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

வியாகுலம் பின்தளத்துக்குப் போனார்.

"டீச்சர். இன்னைக்கும் மெஷினைத் தள்ளி வச்சிருக்கீங்களா?"

"இல்லை."

"அப்போ எதை நம்ப?"

"இப்போதான் கேக்கீங்க" என்றார் டீச்சர். "தோணி உங்களுது. என்ன செய்யப் போறீங்க?"

சரக்கறை வெக்கையில் வெங்காயம் வேகத் தொடங்கியிருந்தது. அந்த வாடை தளம் வரை வந்தது. ஒரு நாள் தாமதித்தால் அடி மூட்டைகள் தண்ணீர் விடும். வியாகுலம் முன்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"பாயை இறக்குங்க. என்ஜினை மெதுவாக்கு. எது பொய்னு தெரியற வரைக்கும் பார்ப் பக்கம் போகக்கூடாது."

"அப்போ விசாரணை வைங்க" என்றார் டீச்சர்.

முதலில் வியாகுலம் மெஷினைப் பார்த்தார். தள்ளி வைக்கும் இடத்தில் பூஜ்யம் இருந்தது. டீச்சர் தன் இடுப்புப் பையிலிருந்த சின்ன ஜிபிஎஸ்ஸை நீட்டினார். அதுவும் அதே இடத்தைத்தான் காட்டியது.

"ரெண்டு சொல்லுதே, அண்ணாச்சி. போதாதா?"

வியாகுலம் அதைத் திருப்பிக் கொடுத்தார். "ரெண்டும் அதே சாட்டிலைட்டைக் கேட்டுத்தான் சொல்லுது. ஒரே ஆள்."

டீச்சர் வாங்கிப் பைக்குள் போட்டார்.

வியாகுலம் கணக்கை வரி வரியாகப் பார்த்தார். தப்பில்லை. கடைசியில் கருவியை எடுத்தார். பூஜ்யத்தில் வைத்து வெறும் அடிவானத்தைப் பார்த்தார். ஒரு கோடாக இருக்க வேண்டிய கடல் நடுவில் உடைந்து படிக்கட்டாக நின்றது. இரண்டு படியும் ஒன்றாகும்வரை திருப்பினார். எண்ணைப் படித்தார்.

ஏழு.

கருவியை மெல்ல இறக்கினார். பெட்டியைப் பார்த்தார்.

"நேத்து நான் வச்ச வேகம்."

"சத்தம் கேட்டுச்சு" என்றார் டீச்சர்.

"கேட்டும் சொல்லலை."

"காலைல எடுத்ததும் பாப்பீங்கன்னு நினைச்சேன்."

அந்த ஏழு மினிட்டைக் கழித்தார். மெஷின் சொன்ன இடத்துக்கு மிக அருகில் வந்து நின்றது கணக்கு. சரியாக ஒன்றவில்லை. ஒரு மைல் மிச்சம் இருந்தது.

"இந்த ஒரு மைலை என்ன செய்ய?"

"வச்சுக்கோங்க."

வியாகுலம் முன்பக்கம் போனார். ஆட்கள் பாய்க்கயிற்றைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்தார்கள். இன்னாசி ஈரத்துணியை எடுத்துப் பலகையைத் துடைக்கப் போனான்.

"இருக்கட்டும்" என்றார் வியாகுலம். "பக்கத்துல எழுது. கருவியில ஏழு மைல் தப்பு. தப்பு ஆக்கினது வியாகுலம்."

"அதையுமா எழுத?"

"தீர்மானம் போட்டிருக்கோம்லா. எழுதுலே."

இன்னாசி எழுதினான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னாசியே கேட்டான்: "அப்போ அந்த எதிர் நீரோட்டம், தலைவரே?"

"அதுவும் நான்தான்."

அதற்குத்தான் சிரித்தார்கள். வியாகுலம் அங்கேயே நின்று அந்தச் சிரிப்பு முடியும்வரை கேட்டார். பிறகு பாயை ஏற்றச் சொன்னார். வெளிச்சம் போகும் முன்னே பார் இடப்பக்கம் வெளுத்த பச்சையாகத் தெரிந்து, விலகிப் பின்னால் போயிற்று.

டீச்சர் சுக்கான் அறையில் உட்கார்ந்து அந்தத் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு மை காய ஊதினார்.

வியாகுலம் தாளைத் தொடவில்லை.

"சரியாச் சொன்ன நாளெல்லாம் நீங்க போடலை. எட்டு மைல் தப்பாச் சொன்ன நாள் பார்த்துப் போடுதீங்க."

டீச்சர் பேனாவை மூடினார்.

"இன்னைக்குத்தான் ரெண்டு சட்டைக்குள்ளயும் தனித்தனி ஆள் இருந்தாங்க, அண்ணாச்சி."